குஞ்சுகளும் குளிரும் நானும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை தரும்படி வகுப்பாசிரியை சிஸ்டர் கேட்டபோது, என் தோழியர் சிலர் சுற்றுலாவைப் பற்றியும் சிலர் பள்ளி விழாவைப் பற்றியும் எழுத முன்வந்தனர். எனக்கோ கோழிக்குஞ்சுகளைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. "கோழிக்குஞ்சா?" என்று வகுப்பே சிரித்தது. சிஸ்டரும் சிரித்தார், ஆனால் "எழுது" என்றார். ஆகையால் எழுதுகிறேன். இதில் நான் செய்த ஒரு தவறும் வருகிறது. அதை விட்டுவிட்டு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டுவிட்டால் கணக்குச் சரியாக வராது. ஆகவே அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் வீடு படப்பையில், வண்டலூர் – வாலாஜாபாத் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. அந்தச் சாலையில் இரவென்றும் பகலென்றும் பாராமல் ஒரகடத்துக்குப் போகும் கம்பெனிப் பேருந்துகளும் பெரிய லாரிகளும் ஓடிக்கொண்டே இருக்கும். அப்பா அங்கே ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் இரவு வேலை. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. ஆயா மாடு கட்டியிருந்த இடம் அது. மேய்ச்சலுக்கு நிலம் இல்லாமல் போகவே மாடுகளை விற்றுவிட்டார்கள். காலியாகக் கிடந்த கொட்டகையில் நாட்டுக்கோழி வளர்க்கலாம் என்று அம்மாவுக்குத் தோன்றியது. மகளிர் குழுவில் கடன் வாங்கினார். காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சிக்கும் சென்று வந்தார். அக்காவின் கல்லூரிக் கட்டணம் அந்தக் கோழிகளிலிருந்துதான் வரவேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

கோழிக்குஞ்சுக்குச் சூடு எதற்கு என்று நகரத்துத் தோழியர் கேட்கலாம். முட்டை இருபத்தொரு நாள் தாயின் வயிற்றுக்கடியில் வெதுவெதுப்பாக இருந்து பொரிகிறது. வெளியே வந்த குஞ்சுக்கு மேலே இருப்பது இறகு அன்று, வெறும் பஞ்சு. தன் உடம்பின் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி அதற்கு முதல் சில வாரங்களுக்கு இல்லை. தாய்க்கோழி இருந்தால் இறக்கையை விரித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். விலைக்கு வாங்கிய ஒரு நாள் குஞ்சுக்குத் தாய் ஏது? ஆகவே ஒரு தடுப்புக் கட்டி, கீழே நெல் உமி பரப்பி, மேலே தகர மூடிக்குள் மின்விளக்கைத் தொங்கவிட்டு, நாமே தாயாக வேண்டும். இதற்குப் புரூடர் என்று பெயர். பயிற்சியில் அம்மா ஒரு கணக்கு எழுதி வந்தார். முதல் வாரம் 35 டிகிரி; அடுத்த வாரம் 32; அதற்கடுத்து 29; இப்படி வாரத்துக்கு மூன்று மூன்றாகக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். அந்தத் தாளைக் கொட்டகைக் கதவில் ஒட்டினோம்.

விளக்கிலும் ஒரு சங்கடம் உண்டு. இப்போது கடைகளில் கிடைப்பதெல்லாம் எல்.இ.டி. பல்பு. அது வெளிச்சம் தரும்; குஞ்சுக்குப் போதுமான சூடு தராது. பழைய 60 வாட் குண்டு பல்புதான் வேண்டும். கொடுத்த மின்சாரத்தில் பெரும்பங்கைச் சூடாக்கி வீணாக்குகிறது என்றுதானே அதை எல்லா வீடுகளிலிருந்தும் கழற்றினார்கள்! அந்த வீண் சூடுதான் எங்களுக்குத் தேவை. அப்பா படப்பைக் கடைத்தெருவில் தேடி அலைந்து ஒரு பழைய கடையில் ஆறு பல்பு வாங்கி வந்தார்.

சென்ற ஆண்டு தை மாதம், நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, முதல் நூறு குஞ்சுகள் வந்தன. அட்டைப்பெட்டியைத் திறந்ததும் எழுந்த சத்தத்தை என்னால் எழுத்தில் எழுத முடியாது. வட்டமாகத் தகடு வைத்துத் தடுப்புக் கட்ட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். தகட்டுக்குப் பணம் போதாமல் கொட்டகையின் ஒரு மூலையையே தடுப்பாக்கி, மற்ற இரு பக்கங்களுக்கும் பழைய பலகைகளை நிறுத்தினோம். பகலில் அம்மா பார்த்துக்கொள்வார். இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. படிப்பதற்காக நான்தான் விழித்திருப்பேன் என்பதால் நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் இரவு. பத்து மணிக்குப் போனேன். இரண்டு பல்பு எரிந்தது. வெப்பமானி சரியாக 32 காட்டியது. குஞ்சுகள் பரவலாகப் படுத்திருந்தன. நோட்டில் எழுதிவிட்டு வந்து, அலாரம் வைத்துப் படுத்தேன். இரண்டு மணிக்கு அலாரம் அடித்தது. எழுந்தேனா என்றால் இல்லை. கையை நீட்டி அணைத்தேன். பத்து மணிக்குச் சரியாகத்தானே இருந்தது, பல்பும் எரிந்துகொண்டுதானே இருக்கிறது என்று தூக்கத்திலேயே எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

ஐந்து மணிக்கு எழுந்தேன். கொட்டகைக்குப் போவதற்கு முன்னரே, வாசற்படியில் நின்றுகொண்டு, நோட்டில் "2 மணி – 32" என்று எழுதினேன். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தேன்.

பல்புகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. வெப்பமானி 27 காட்டியது. குஞ்சுகள் எல்லாம் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. மேலே இருந்தவை அசைந்தன. கீழே இருந்தவை அசையவில்லை. அம்மாவைக் கூப்பிட எனக்குக் குரல் வரவில்லை. விடிந்தபின் எண்ணினோம். முப்பத்தொன்று.

அம்மா அழவில்லை. நோட்டை எடுத்துப் பார்த்தார். "பத்து மணிக்கு முப்பத்திரண்டு. இரண்டு மணிக்கும் முப்பத்திரண்டு. சூடு சரியா இருந்திருக்கே! அப்போ குஞ்சுலதான் நோய்" என்றார். குஞ்சு கொடுத்தவருக்குத் தொலைபேசியில் பேசினார். அவர் முதலில் மறுத்தார். பிறகு அம்மாவின் குரலைக் கேட்டு இரக்கப்பட்டோ என்னவோ, "சரிக்கா, அடுத்த முறை இருபது குஞ்சு சும்மா தரேன்" என்றார். அம்மா கால்நடை மருந்தகத்துக்குப் போய் மருந்து கேட்டு வரவும் புறப்பட்டார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஆயா மட்டும் இறந்த குஞ்சு ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நோவுன்னா அங்கங்க கெடக்கும். இது மூலையில அமுங்கிச் செத்திருக்கு. குளிரு" என்றார். அம்மா, "பாப்பா எழுதி வச்சிருக்காளே, ஆயா" என்று நோட்டைக் காட்டினார். ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. நோட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

இரண்டு நாள் அப்படியே கழிந்தன. பொய்யைவிடப் பெரிய தொல்லை ஒன்று அதில் இருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். நான் எழுதிய ஓர் எண்ணை நம்பி அம்மா எல்லாவற்றையும் தவறாக யோசித்துக்கொண்டிருந்தார். சூடு சரி என்று வைத்துக்கொண்டு மருந்தைத் தேடினார். மீதி அறுபத்தொன்பது குஞ்சுகளுக்கும் அன்றிரவும் அதே இரண்டு பல்புதான் எரியும். அந்த இரண்டு இரவும் நான் உறங்கவே இல்லை. மூன்றாவது பல்பை யாருக்கும் தெரியாமல் போட்டுவிட்டு விடியுமுன் அணைத்தேன்.

எனக்கு ஓர் அத்தை இருக்கிறார். கன்னியர் சபையில் சேர்ந்து, தென் ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் பணிபுரிகிறார். வீட்டில் "சிஸ்டர் அத்தை" என்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவார். அந்த ஞாயிறு நான் தனியே இருந்தபோது அழைப்பு வந்தது. எப்படியோ எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். பொய்யைப் பற்றி அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "அதை நீதான் அம்மாகிட்ட சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்." பிறகு உடனே, "ஆனா கண்ணு, நீ ரெண்டு மணிக்கு எழுந்து பார்த்திருந்தாலும் தாமதந்தான் ஆகியிருக்கும்" என்றார். நான் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்படியன்று, அவர் சொன்னது விஞ்ஞானம்.

அவர்கள் இல்லத்தின் நிலவறையில் ஒரு கொதிகலன் இருக்கிறதாம். அதில் சூடான நீர் குழாய் வழியாக ஒவ்வோர் அறையிலுமுள்ள இரும்புத் தகடுகளுக்குப் போய், அறையை வெதுவெதுப்பாக்கிவிட்டுத் திரும்பி வரும். எவ்வளவு சூடாக நீரை அனுப்ப வேண்டும் என்று அந்த இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? அறைக்குள் பார்த்து அன்று. கட்டடத்தின் வெளிப்புறம், வடக்குச் சுவரில், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி இருக்கிறது. அது வெளிக்காற்றின் குளிரை அளந்து கீழே சொல்லிக்கொண்டே இருக்கும். வெளியே 15 டிகிரி என்றால் நீர் 30 டிகிரியில் போகும். வெளியே 0 என்றால் 45. வெளியே பூஜ்யத்துக்கும் கீழே 15 என்றால் 60. வெளியே எவ்வளவு இறங்குகிறதோ, உள்ளே அவ்வளவு ஏறும். "அறை குளிர்ந்த பிறகு சூடு போட்டால், அது ஏறி வருவதற்குள் எங்கள் முதியோர் நடுங்கிவிடுவார்கள். ஆகவே குளிர் சுவரைத் தாண்டி உள்ளே வருமுன்பே இயந்திரம் தயாராகிவிடும்" என்றார் அத்தை. நீ உள்ளே மட்டும்தான் பார்த்தாய். வெளியே ஒரு முறைகூடப் பார்க்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

இன்னும் ஒன்று சொன்னார். அந்த இயந்திரத்தில் இரண்டு திருகுகள் உண்டு. ஒன்று சாய்வு, மற்றது மட்டம். சுவர் மெல்லியதாக, சன்னல் இடுக்குகளில் காற்றுப் புகும் வீடாக இருந்தால் சாய்வைக் கூட்ட வேண்டும். வெளியே ஒரு டிகிரி குறைந்தால் நீரை அதிகமாகச் சூடாக்க வேண்டும். சுவருக்குப் பஞ்சுப் பலகை வைத்து மூடிய நல்ல வீடானால் சாய்வைக் குறைக்கலாம். மட்டம் என்பது, எந்தக் குளிரிலும் இன்னும் இரண்டு டிகிரி கூடவோ குறையவோ வேண்டுமென்றால் மொத்தமாக ஏற்றி இறக்குவது. முதியோருக்கு ஒரு மட்டம், சிறியவருக்கு ஒரு மட்டம்.

தொலைபேசியை வைத்ததும் அம்மாவிடம் போனேன். அடுப்படியில் இருந்தார். சொன்னேன். அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். பிறகு தொலைபேசியை எடுத்துக் குஞ்சு கொடுத்தவரை அழைத்து, என் கையில் கொடுத்தார். "நீயே சொல்லு" என்றார். நான் சொன்னேன். அந்த முனையில் சிறிது நேரம் மௌனம். பின்னர் அவர், "படிக்கிற பொண்ணு, தூங்கிட்ட. பரவாயில்ல விடும்மா" என்றார். அந்த "பரவாயில்ல" இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த முறை நூறு குஞ்சுக்கும் அம்மா முழு விலையும் கொடுத்துத்தான் வாங்கினார்.

பள்ளியில் அறிவியல் சிஸ்டரிடம் அத்தை சொன்னதைக் கூறினேன். சிஸ்டர் கரும்பலகையில் ஒரு கழித்தல் கணக்குப் போட்டார். குஞ்சுக்கு வேண்டியது 32. பத்து மணிக்குக் கொட்டகைக் காற்று 24. வித்தியாசம் 8. விடியற்காலை காற்று 19. வித்தியாசம் 13. ஒரு பொருளிலிருந்து வெளியேறும் சூடு ஏறக்குறைய இந்த வித்தியாசத்தின் அளவில்தான் இருக்கும். "இரண்டு பல்பு 8 டிகிரிதான் தூக்க முடிந்தது. 19உம் 8உம் எவ்வளவு?" என்றார். 27. ஐந்து மணிக்கு நான் கண்ட அதே எண்! அதைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அன்றிரவு பல்பு தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. இரவு வெளியே வெறும் ஐந்து டிகிரி இறங்கியது. அதற்குத் தேவையான சூடோ ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. "படப்பையில் ஏது குளிர்?" என்று நாம் கேட்போம். நம் உடம்புக்குக் குளிரில்லை. 32 வேண்டுமென்று காத்திருக்கும் ஒன்பது நாள் குஞ்சுக்கு உண்டு.

சிஸ்டர் எனக்கு வேறொரு செய்தியும் சொன்னார். அதை நூலகத்தில் தேடிப் படித்தேன். சூட்டைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் அடுப்பை முதலில் செய்தவர்களுள் ஒருவர் கார்னீலியஸ் டிரெபல் (1572–1633) என்னும் டச்சுக்காரர். இங்கிலாந்தில் வாழ்ந்தபோது அதைச் செய்தார். எதற்காகத் தெரியுமா? கோழிமுட்டை பொரிக்க! சாராயத்தையும் பாதரசத்தையும் ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்து, சூடு ஏறினால் அவை விரிந்து, நெருப்புக்குப் போகும் காற்றைத் தாமே குறைக்குமாறு அமைத்தாராம். பிறகு பிரான்சு நாட்டில் பொன்மேன் என்பவர் 1777ஆம் ஆண்டு வாக்கில், கொதிகலனிலிருந்து வெந்நீரைக் குழாய்களில் சுற்றவிட்டுச் சூடாக்கும் முறையை ஏற்படுத்தினார். அதுவும் கோழிக்குஞ்சு பொரிப்பதற்கே. இன்று அத்தையின் இல்லத்தில் முதியோரைக் காக்கும் வெந்நீர்க் குழாய்க்கு மூதாதை ஒரு கோழிக்கூண்டு! இதை அத்தையிடம் சொன்னபோது, சாப்பாட்டு மேசையில் மற்ற சகோதரிகளுக்கெல்லாம் சொல்லிச் சிரித்ததாகக் கூறினார்.

அடுத்த குஞ்சுகள் மாசியில் வரவிருந்தன. அதற்குள் எங்கள் கொட்டகையின் சாய்வைக் கண்டுபிடித்துவிட வேண்டுமென்று முடிவு செய்தேன். கொட்டகையின் மறுபாதியில், இம்முறை கடன் சொல்லித் தகடு வாங்கி வட்டமாகவே தடுப்புக் கட்டினோம். குஞ்சு இல்லாத வெறும் தடுப்பில் நான்கு இரவுகள் அளந்தேன். தடுப்புக்குள், குஞ்சின் முதுகு உயரத்தில் ஒரு வெப்பமானி. வெளியே ஒரு வெப்பமானி. இரண்டாவது வெப்பமானி சிஸ்டர் பள்ளி ஆய்வுக்கூடத்திலிருந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தது. (பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.)

முதல் நாளே ஒரு தவறு செய்தேன். வெளி வெப்பமானியை மேற்குச் சுவரில் மாட்டினேன். மாலை ஐந்து மணிக்கு அது 36 காட்டியது. தை மாதத்தில் படப்பையில் 36 டிகிரியா! சுவர் வெயிலில் காய்ந்த சூடு அது, காற்றின் சூடன்று. அத்தையின் பெட்டி ஏன் வடக்குச் சுவரில் இருக்கிறது என்பது அப்போது விளங்கியது. வடக்குக்கு மாற்றினேன். ஆனால் நம் ஊரில் அதுவும் முழுச் சரியன்று. சித்திரை பாதிக்குமேல் ஆடிவரை சூரியன் நமக்கு வடக்கே சென்றுவிடுகிறது. அப்போது நண்பகல் வெயில் வடக்குச் சுவரில்தான் விழும். ஜெர்மனிக்கு அந்தத் தொல்லை இல்லை. கோடையில் வெப்பமானியை வேப்பமரத்து நிழலில் கட்டித் தொங்கவிட்டேன்.

நான்கு இரவு அளந்ததில் எனக்குக் கிடைத்தது மிக எளிய ஒரு விதி. எங்கள் கொட்டகையில் ஒரு பல்பு நான்கு டிகிரி தூக்குகிறது. முதல் வாரம் 35 வேண்டும். வெளியே 31 என்றால் ஒரு பல்பு. 27 என்றால் இரண்டு. 23 என்றால் மூன்று. 19 என்றால் நான்கு. வெளியே நான்கு டிகிரி இறங்கினால் ஒரு பல்பு கூட்டு, அவ்வளவுதான். வாரம் ஒன்று ஆனால் வேண்டிய சூடு மூன்று டிகிரி குறைகிறது அல்லவா, அதுதான் அத்தை சொன்ன மட்டம். முழுப் பட்டியலும் அப்படியே மூன்று டிகிரி கீழே இறங்கும். பிறகு அப்பா சாக்குகளை இரட்டையாகத் தைத்துக் கொட்டகையின் திறந்த பக்கத்தில் படுதாவாகக் கட்டினார். மீண்டும் அளந்தேன். அதே பல்பு இப்போது ஐந்து டிகிரி தூக்கியது! நான்கு சாக்கு, ஒரு கோணி ஊசி, அரை நாள் வேலை. அதில் சாய்வே மாறிவிட்டது. ஆனால் படுதாவைக் கூரைவரை இழுத்து மூடக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். மேலே ஒரு முழம் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எச்சத்தின் நெடி அடைத்துக் குஞ்சுகளுக்குக் கண் எரியும்.

தெர்மோஸ்டாட் வாங்கி மாட்டினால் தீர்ந்ததே என்று அப்பா கேட்டார். நீங்களும் கேட்பீர்கள். பிற்பாடு ஒன்று வாங்கினோம். நல்ல பொருள்தான், சூடு மிஞ்சினால் அணைக்கும். ஆனால் தொங்குவது இரண்டே பல்பு என்றால், அது இரவு முழுவதும் இரண்டையும் எரியவைத்துக்கொண்டு பார்த்திருக்குமே தவிர, மூன்றாவதற்கு எங்கே போகும்? எத்தனை பல்பு வேண்டுமென்பதை மாலையிலேயே வானத்தைப் பார்த்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும். மேகம் இல்லாமல் நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்து, காற்றும் அசையாமல் இருந்தால் விடியற்காலை நன்றாகக் குளிரும். மேகம் மூடியிருந்தால் அவ்வளவு இறங்காது. ஆயாவுக்கு இது எப்போதோ தெரிந்திருந்தது. "வானம் தெளிஞ்சிருக்கு, இன்னொண்ணு போடு" என்பார். நான் நான்கு இரவு அளந்து கண்டதை அவர் திண்ணையில் உட்கார்ந்தபடி சொல்லிவிடுவார். எனக்குச் சற்றுக் கோபமாகக்கூட இருந்தது.

பட்டியல் எவ்வளவு சரியானாலும் முடிவாகத் தீர்ப்புச் சொல்வது குஞ்சுதான். விளக்கின் கீழே நெருக்கியடித்துக்கொண்டு கீச்கீச்சென்று கத்தினால் குளிர். தடுப்போரம் ஒதுங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்றடிக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பரவிப் படுத்திருந்தால் சரி. தடுப்பு வட்டமாக, சற்று அகலமாகவும் இருந்தால் ஒரு பல்பு கூடிப்போனாலும் கேடில்லை; வேண்டிய குஞ்சு விலகிக்கொள்ளும், ஒதுங்கி நெரிய மூலையும் இல்லை. முதல் முறை தகட்டுக்கு மிச்சம் பிடித்த பணத்தைவிட இழந்தது அதிகம்.

மாசிக் குஞ்சுகளுக்கு ஆறாம் நாள் இரவு மின்சாரம் நின்றது. ஒரு மணி, இரண்டு மணி ஆகியும் வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீடே இருளில் மூழ்கியிருந்த நாட்களில் ஆயா குமுட்டி அடுப்பில்தான் சமைத்தார். அதே அடுப்பை இப்போது எடுத்தார். வாசலில் வைத்துக் கரியை நன்றாகக் கனலவிட்டு, புகை அடங்கியபின், ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து மூடி, தடுப்பின் நடுவே செங்கல் மேல் வைத்தார். மண்சட்டி மெல்லச் சூடேறி அந்தச் சூட்டைச் சுற்றிலும் பரப்பியது. குஞ்சுகள் ஐந்தே நிமிடத்தில் அதைச் சுற்றி வட்டமாகப் படுத்தன. அம்மா படுதாவைப் பாதி தூக்கிவிட்டு, நாங்கள் யாரும் உள்ளே உறங்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்போடு உறங்கியவர்கள் உயிரிழந்த செய்தி 2024இல் வந்ததை அம்மா மறக்கவில்லை. ஆயாவும் நானும் வாசலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அன்று வெளியே 22. மூன்று மணிக்கு மின்சாரம் வந்தது.

அந்த நூறில் நான்கு இறந்தன. இரண்டு வந்த அன்றே சோர்ந்திருந்தவை. ஒன்றைப் பூனை கொண்டுபோயிற்று. மற்றொன்று ஏன் இறந்தது என்று தெரியவில்லை. தொண்ணூற்றாறு குஞ்சுகள் கோழிகளாகி விலைக்குப் போயின. குழுக் கடனில் பாதி அடைந்தது. அக்கா இப்போது தாம்பரத்துக்குப் பேருந்தில் கல்லூரி சென்று வருகிறாள்.

வைகாசியில் வந்த குஞ்சுகளுக்குக் கதை தலைகீழ். வெளியே 39, 40 என்று போகும் நண்பகலில், 35 வேண்டிய குஞ்சுக்குச் சூடு எதற்கு? எல்லாப் பல்பையும் அணைத்துவிட்டு, தகரக்கூரைமேல் தென்னங்கீற்றைப் பரப்பி, மதியம் இருமுறை தண்ணீர் தெளித்தோம். இரவில் மட்டும் ஒரு பல்பு. பட்டியலை அந்தப் பக்கமும் நீட்டி எழுதிக்கொண்டேன். அத்தை கேட்டுவிட்டு, "எங்களுக்கும் வெயில் வந்தால் கொதிகலன் தானே நின்றுவிடும், கூரையில் தண்ணீர் தெளிக்கத்தான் அதற்குத் தெரியாது" என்றார்.

நோட்டில் இப்போது மூன்று கட்டங்கள்: மணி, உள்ளே, வெளியே. நான் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டதால் இரவுப் பொறுப்பிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று அம்மா சொன்னார். நான் ஒப்பவில்லை. சென்ற டிசம்பரில், அரையாண்டுத் தேர்வுக்கு முந்திய இரவு, கணக்குப் புத்தகத்தின் மேலேயே உறங்கிவிட்டேன். விழித்தபோது நான்கு மணி. கொட்டகைக்கு ஓடினேன். குஞ்சுகள் பரவலாகப் படுத்திருந்தன. நோட்டை எடுத்து, "2 மணி – பார்க்கவில்லை" என்று எழுதப் போனேன். அந்த வரியில் ஏற்கெனவே எழுத்து இருந்தது, அம்மாவின் கையெழுத்து. "2 மணி. உள்ளே 32. வெளியே 21. இன்னொரு பல்பு போட்டேன்."

— பத்தாம் வகுப்பு மாணவி